‘சைமல் கிளைம்பிங்’: ஒருங்கேறல் எனலாமா?

அன்புடையீர், வணக்கம்.

ஒரே கயிற்றில் பிணைந்த இருவர் ஒரே நேரத்தில் மலைப்பாறையில் ஏறும் முறையாகிய ‘சைமல் கிளைம்பிங்’ (simul-climbing) என்பதற்குத் தமிழ்ச்சொல்லாக ‘இணையேற்றம்’, ‘உடனேற்றம்’ என்னும் இரண்டு இக்கலந்துரையாடலில் முன்வைக்கப்பட்டுள்ளன. செயலின் இயல்பை ஒட்டிப் பார்த்தால் இரண்டுமே பொருந்தவில்லை என்பது என் கருத்து.

சுவிட்சர்லாந்து, இத்தாலி எல்லையிலுள்ள பிட்ஸ் படிலே சிகரத்தின் வடக்கு முகட்டை எடுத்துக்கொள்வோம். 1923-இல் ஆல்ஃபிரெட் சூர்ஷரும் வழிகாட்டி வால்டர் ரிஷ்ஷும் முதன்முதலில் ஏறிய அந்தக் கருங்கல் முகடு 20-க்கும் மேற்பட்ட கயிற்றளவுகள் (ஒரு கயிற்றின் நீளத்துக்குள் ஒருமுறை ஏறும் பகுதிகள்) நீளமுடையது. ஒருவர் ஏற, மற்றவர் ஓரிடத்தில் நின்று கயிற்றைப் பிடித்துக் காக்க, பின்பு முறைமாற்றி ஏறுவது என்றே முழு நீளத்தையும் கடக்க முயன்றால், கோடைப் பிற்பகலின் இடிமழை முகட்டிலேயே வந்து பிடித்துக்கொள்ளக்கூடும். ஆகவே எளிய பகுதிகளில் இருவரும் ஒரே நேரத்தில் நகர்கின்றனர். கயிற்றின் ஒரு பகுதியை மார்புக்குக் குறுக்கே சுருளாக மாட்டி நீளத்தைக் குறைத்துக்கொள்கின்றனர். முன்செல்பவர், விழுந்தால் கயிற்றைத் தாங்கும் காப்புக் கருவிகளைப் பிளவுகளில் செருகி அவற்றில் கயிற்றை மாட்டியும், துருத்தி நிற்கும் பாறைமுனைகளைச் சுற்றிக் கயிற்றை வளைத்தும் செல்ல, பின்வருபவர் அவற்றைக் கழற்றிக்கொண்டே ஏறுகிறார். கயிறு தொய்யவும் கூடாது, முன்னவரை இழுக்கவும் கூடாது. முன்னவர் தவறினால் பின்னவரின் உடலே எதிர்ப்பளுவாகும். பின்னவர் வழுக்கினாலோ கயிறு முன்னவரையும் பிடுங்கி இழுத்துவிடும். இரண்டாவதே கொடிய இடர் என்பதால், கடினமான இடத்தைக் கடந்ததும் அங்குள்ள காப்பில் கயிற்றை ஒரே திசையில் மட்டும் ஓடவிடும் சிறு கப்பியை மாட்டிச் செல்வோரும் உண்டு.

முறைமாற்றி ஏறுபவர்களும் இணையர்தாம் என்பதால் ‘இணையேற்றம்’ வேறுபாட்டைக் காட்டவில்லை. ‘உடனேற்றம்’ உடன்கட்டை ஏறுதலை நினைவூட்டுகிறது. ஒருவர் விழுந்தால் இருவரும் விழக்கூடிய செயலுக்கு அந்த நிழல் வேண்டாம். பிரெஞ்சுக்காரர்கள் இதனை ‘இறுகிய கயிறு’ என்னும் பொருளில் வழங்குகின்றனர். தொய்வின்மையைச் சுட்டுவதால் அது அருமையான பெயர். ஆயினும் தமிழில் அவ்வாறு சொன்னால் கழைக்கூத்தே மனத்தில் தோன்றும்.

‘ஒருங்கேறல்’ என்பதை முன்மொழிகிறேன். ‘ஒருங்கே’ என்பது சேர்ந்து என்றும் ஒரே வேளையில் என்றும் இரு பொருளையும் தருகிறது. ‘இருவரும் முகட்டின் கீழ்ப்பகுதியை ஒருங்கேறிக் கடந்தனர்’ என வினையாகவும் தடையின்றி வரும். முகட்டில் இறக்கமும் கிடைநடையும் உண்டே என்று கேட்கலாம். ‘மலையேற்றம்’ என்ற சொல் இறங்குவதையும் உள்ளடக்கித்தானே வழங்குகிறது?

வழிகாட்டி தம் வாடிக்கையாளரைக் குறுகிய கயிற்றில் பிடித்தபடி, இடையே காப்புகள் இல்லாமல் நடத்திச் செல்வது வேறு முறை. அதனையும் ஒருங்கேறல் என்று எழுதிவிட்டால், காப்பு இருப்பதாகப் படிப்பவர் தவறாக எண்ணக்கூடும். அதற்குக் ‘குறுங்கயிற்று நடத்தல்’ என்று தனிச்சொல் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.