சாவ் பாவ்லோ வந்தாச்சு, ஆனா கல்லாவில் என்ன கேக்குறாங்கன்னு புரியலையா?

கேள்வி: வேலை விசாவில் போன வாரம் சாவ் பாவ்லோ வந்தோம். ஆப்பில் 3 மாசம் போர்த்துகீசு படிச்சும் சூப்பர் மார்க்கெட்டில் ஒரு வார்த்தை பிடிபடலை. வீட்டில் எல்லாரும் சைவம். எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: கல்லாவில் உங்கள் காதில் விழுந்தது அநேகமாக “செ-பே-எஃபி நா நோட்டா?” என்பதாகத்தான் இருக்கும். செ-பே-எஃபி என்பது வருமான வரித் துறை தரும் 11 இலக்க எண். அதைப் பில்லில் போடட்டுமா என்று கேட்கிறார்கள். வேண்டாம் என்றால் “நாவ், ஒப்ரிகாடு”, பெண்கள் சொன்னால் “ஒப்ரிகாடா”. சொல்பவர் ஆணா பெண்ணா என்பதுதான் கணக்கு, எதிரில் நிற்பவர் அல்ல. சிம் கார்டு, வாடகை ஒப்பந்தம், மருந்துக்கடைத் தள்ளுபடி எல்லாமே இந்த எண்ணைத்தான் கேட்கும், அதனால் முதலில் அதை வாங்குங்கள். கூடவே, நாட்டுக்குள் வந்த 90 நாளுக்குள் கூட்டாட்சிப் போலீசில் பதிவு செய்ய வேண்டும். நேரம் கிடைக்கத் தாமதமாகலாம், இந்த வாரமே முன்பதிவு போட்டுவிடுங்கள்.

எண்களைச் சொல்லும்போது ஒரு சிக்கல். 6-க்கு “செய்ஸ்”, 3-க்கு “த்ரெய்ஸ்”, போனில் இரண்டும் ஒன்றுபோல் கேட்கும். அதனால் 6-ஐ “மேய்யா” என்பார்கள், அரை டஜன் என்ற பொருளில். பணத்தில் புள்ளியும் காற்புள்ளியும் இடம் மாறியிருக்கும்: 1.500,00 என்றால் ஆயிரத்து ஐந்நூறு ரெயால் (பிரேசில் நாணயம்). கிழமைகளை ஞாயிறிலிருந்து எண்ணுகிறார்கள். “செகுண்டா”, அதாவது இரண்டாவது, என்றால் திங்கள். “டெர்சா” செவ்வாய். டாக்டர் அப்பாயின்ட்மென்ட் ஒரு நாள் தள்ளிப்போவது இதனால்தான்.

கையில் காசு வைத்துக்கொள்ளத் தேவையே இல்லை. மத்திய வங்கி 2020 நவம்பரில் கொண்டுவந்த பிக்ஸ், நம்ம ஊர் யுபிஐ மாதிரி. பணம் வாங்க உங்கள் “ஷாவி பிக்ஸ்” கேட்பார்கள்: செ-பே-எஃபி, போன், மின்னஞ்சல், இல்லை வங்கியே உருவாக்கித் தரும் எண்ணெழுத்துக் கோவை. முன்பின் தெரியாதவர்களுக்குக் கடைசியாகச் சொன்னதைக் கொடுங்கள், மற்றவை உங்கள் விவரத்தைக் காட்டிக்கொடுக்கும். இந்த ஷாவிதான் நம்ம சாவி, ஒரே சொல். ஜன்னல், மேசை, வராந்தா, அலமாரி எல்லாம் போர்த்துகீசியர் விட்டுப்போனவை. இலங்கைத் தமிழர்களுக்குக் கதிரை, சப்பாத்து, பாண் என்று இன்னும் கூடுதல் கையிருப்பு. சந்தையில் “மாங்கா”வும் “ஜாக்கா”வும் பார்த்தால் அது எதிர்த்திசை: நம்ம கரையிலிருந்து போன மாங்காயும் மலையாளத்துச் சக்கையும். அன்னாசி மட்டும் ஏமாற்றும், பிரேசிலில் அது “அபகஷி”.

உச்சரிப்புக்கு நான்கு விஷயம் போதும். சொல்லின் முதலில் வரும் ர, ஹ ஆகிவிடும்: ரியோ, “ஹீயு”. கடைசி ல, உ மாதிரி மழுங்கும்: “ப்ரஸீவ்”. இ ஒலிக்கு முன் த, ட வந்தால் ச்சி, ஜி: பால் “லெய்ச்சி”, காலை வணக்கம் “போம் ஜீயா”. எல்லோரும் தடுமாறுவது மூக்கொலியில், ஆனால் தமிழர்கள் தடுமாற வேண்டியதில்லை. “அவன் வந்தான்” என்று வேகமாகப் பேசிப் பாருங்கள். கடைசி ன்-இல் நாக்கு எங்கும் தொடாது, உயிரொலியே மூக்கு வழியாகப் போகும். அதோடு ஒரு மெல்லிய உ சேர்த்தால் ரொட்டிக்கான “பாவ்” வந்துவிடும். மூக்கை விட்டுவிட்டால் அது “குச்சி”, கொச்சையில் அதைவிட மோசம். பேக்கரியில் சிரிப்பார்கள்.

கதவில் “புஷி” என்று படிக்கும்படி எழுதியிருந்தால் தள்ளாதீர்கள், இழுங்கள். கடைக்காரர் “போய்ஸ் நாவ்?” என்றால் மறுப்பு அல்ல, “சொல்லுங்க” என்று அர்த்தம்.

செய்தி கேட்டுப் பழக டிவி குளோபுவின் ஜோர்னாவ் நாசியோனாவ் நல்லது. 1969-இலிருந்து வருகிறது, வாசிப்பு தெளிவு. தலைப்புச் செய்தியில் “டேவி” என்ற வினையைப் பார்த்து “கட்டாயம்” என்று மொழிபெயர்க்காதீர்கள். அங்கே அது “செய்யக்கூடும், செய்வார் எனத் தெரிகிறது” என்ற பொருள்தான். பாதிச் செய்தி தலைகீழாகப் புரிவது இந்த ஒரு சொல்லால். அடிக்கடி காதில் விழும் “6x1” என்பது ஆறு நாள் வேலை, ஒரு நாள் ஓய்வு. அதை ஒழிக்க வேண்டும் என்ற விவாதம். இங்கே 6 “செய்ஸ்”தான், மேய்யா இல்லை. பொதுத்தேர்தல் அக்டோபர் முதல் ஞாயிறு, 2026-இல் 4-ஆம் தேதி. “செகுண்டு துர்னு” என்றால் இரண்டாம் சுற்று, அதே மாதக் கடைசி ஞாயிறு.

இன்னொரு பதில்: சைவத்தை அண்ணன் விட்டுட்டார். “கார்னி சாப்பிட மாட்டேன்” என்றால் போதாது, பேச்சு வழக்கில் கார்னி பெரும்பாலும் மாட்டிறைச்சி. கோழியோ ஹாமோ போட்டுத் தந்துவிடுவார்கள். “நாவ் கோமு கார்னி, நெம் ஃப்ராங்கு, நெம் பெய்ஷி, நெம் ப்ரெஸுன்ட்டு” (இறைச்சி, கோழி, மீன், ஹாம் எதுவும் சாப்பிட மாட்டேன்) என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். பருப்புபோல் இருக்கும் ஃபெய்ஜாவ் அவரையில் பன்றிக்கொழுப்போ பேக்கனோ அடிக்கடி இருக்கும். “தெம் பேக்கோன் நு ஃபெய்ஜாவ்?” கேட்டுவிட்டு எடுங்கள். ஃபரோஃபா என்ற வறுத்த மரவள்ளி மாவும் அப்படித்தான். தட்டை எடைபோட்டுக் காசு வாங்கும் “போர் கிலு” கடைகள்தான் சைவத்துக்கு வசதி. பாவ் ஜி கேஜு மரவள்ளி மாவும் சீஸும், ஆனால் முட்டை உண்டு. மஞ்சள்தூள் வேண்டுமென்றால் “அசஃப்ராவ் டா டெஹா”.

ஊர் மிக்ஸியை சாவ் பாவ்லோவில் அப்படியே செருகினால் பயன் இல்லை. சாதாரண பிளக்கில் 127 வோல்ட்தான். 230 வோல்ட் ரைஸ் குக்கருக்கு மூன்றில் ஒரு பங்கு சூடுகூட வராது, அரிசி ஊறிக்கொண்டே இருக்கும். குக்கரை இங்கேயே வாங்குங்கள், மிக்ஸிக்கு மட்டும் அதன் வாட்டைவிடப் பெரிய டிரான்ஸ்ஃபார்மர்.

வடகிழக்குப் பிரேசிலின் ரெசிஃபி நகரிலிருந்து ஒரு திருத்தம்: அந்த ச்சி, ஜி எல்லாம் சாவ் பாவ்லோ, ரியோ கணக்கு. எங்க பக்கம் பலர் “லெய்த்தி”, “போம் தீயா” என்றே சொல்வார்கள். மின்சாரமும் 220, மிக்ஸி தாராளமாக ஓடும்.