பழைய கோடாலிக்குப் புதுக் காம்பு: போட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கொக்கட்டிச்சோலையிலிருந்து:

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, எங்கள் படுவான்கரையில் பழைய வீடொன்றைப் பிரித்தால் மாட்டுக்கொட்டில் மூலையில் ஒரு கோடாலித் தலையாவது கிடைக்கும். காம்பைக் கறையான் எப்போதோ தின்று முடித்திருக்கும். பெரியப்பாவின் வளவில் கிடைத்ததும் அப்படித்தான். பழைய இரும்பு வாங்க வந்தவரின் தராசில் ஏறப்போனதை நான் கேட்டு எடுத்துக்கொண்டேன்.

வினாகிரியில் ஓர் இரவு ஊறவிட்டுக் கம்பிப் பிரஷால் தேய்த்தேன். கறள் கறுப்புச் சேறாகக் கழன்றது. கன்னத்தில் முதலில் தெரிந்தது எல்வெல் என்ற பெயர். இங்கிலாந்தின் வெட்னஸ்பரியில் கோடாலியும் மண்வெட்டியும் அடித்த பழைய பட்டறை. அதன் கீழே 1943, பக்கத்தில் கோழிக்கால் போல ஓர் அம்புக்குறி. பிரித்தானிய அரசாங்கச் சொத்துக்கு அடிக்கும் முத்திரை அது. போர்க்காலத்தில் திருகோணமலைத் தளத்துக்கு வந்த சாமானோடு சேர்ந்து இந்தப் பக்கம் இறங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். பெரியப்பா விடுவதாயில்லை. "ஹேர்மிஸ் கப்பலில இருந்து வந்தது மனே" என்கிறார். பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ஹேர்மிஸ் நம் கடலில் மூழ்கியது 1942 ஏப்ரல் 9இல். அடுத்த வருடம் அடித்த கோடாலி அதில் எப்படி ஏறியது என்று கேட்டால், "ஓம், உனக்கு எல்லாம் தெரியும்" என்று வெற்றிலைத் தட்டைத் தேடிப் போய்விடுவார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தலையைத் துப்புரவாக்குவது பெரிய வேலையில்லை, காம்புதான் வேலை. ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே வைத்தியம்: அடித்து ஏற்று, ஆடினால் இரவு தண்ணீர் வாளிக்குள் போட்டு வை. காலையில் இறுகித்தான் இருக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஊறிய மரம் வீங்குகிறது, காம்பு நுழைகிற துளையான இரும்புக் கண் விரிந்து கொடுக்காது, நார் உள்ளுக்குள்ளேயே நசுங்கிப்போகிறது. காய்ந்ததும் முன்பு இருந்ததைவிடச் சிறுத்துவிடும். திரும்பவும் வாளி. கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் தலை கழன்று பறப்பதெல்லாம் மாரியில் பச்சைத் தடியில் காம்பு போட்டதன் பலன்.

நான் எடுத்தது சாவண்டலை. தச்சுப் பட்டறையில் கதவு நிலை அறுத்து மிஞ்சிய துண்டு, கூரைக்குக் கீழே ஒரு கோடை முழுக்கக் காய்ந்தது. பாரமான மரம், ஆனாலும் வளைந்து கொடுக்கும். ஒருகாலத்தில் மதராஸ் மசூலாப் படகுகளுக்கே திருகோணமலை மரம் என்ற பெயரில் போனது இதுதான். பாலையும் முதிரையும் உறுதிதான், ஆனால் வெட்டின் அதிர்ச்சி முழுக்க மணிக்கட்டுக்கு வரும். எந்த மரமானாலும் துண்டின் முனையில் ரேகையைப் பாருங்கள். கோடாலி வாய் நிற்கிற திசையிலேயே ரேகையும் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் எவ்வளவு நல்ல மரமும் முறியும்.

ஏற்றும்போது தலையைத் தரையில் வைத்து அடிக்காதீர்கள். காம்பை ஒரு கையில் நிமிர்த்திப் பிடித்து, தலை கீழே தொங்க, காம்பின் அடியை மரச் சுத்தியலால் தட்டுங்கள். தலை தன் பாரத்தில் நின்ற இடத்திலேயே நிற்கும், மரம் கண்ணுக்குள் இறங்கிக்கொண்டே போகும். முதல்முறை பார்க்கிறவர்கள் நம்ப மாட்டார்கள். கண்ணுக்கு வெளியே கால் அங்குலம் மரம் நீட்டி நிற்கட்டும், அப்புறம் ஆப்பு. ஆப்புக்குப் பதிலாக ஆணி அடிக்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

சம்மாந்துறையிலிருந்து:

எங்கள் வாப்பாவின் கோடாலியில் பெயரும் இல்லை, வருடமும் இல்லை. கொல்லன் கம்மாலையில் அடித்தது. 1949இல் கல்லோயா நீர்ப்பாசனக் குடியேற்றத் திட்டம் தொடங்கிக் காடு வெட்டிய காலத்துச் சாமான் என்பார். வினாகிரியிலிருந்து எடுத்தபோது வாய்ப்பக்கம் ஒரு கோடு தெரிந்தது. கோட்டுக்கு முன்னால் கருஞ்சாம்பல், பின்னால் வெளிர். உருக்கை வாயில் மட்டும் வைத்துக் காய்ச்சி ஒட்டி, மிச்சத்தை மெல்லிரும்பில் அடித்திருக்கிறார்கள். ஒட்டின இடத்தில் நகத்தால் தடவினாலும் தட்டுப்படவில்லை.

ஒன்று சேர்க்க வேண்டும். பழைய காம்புத் துண்டு கண்ணுக்குள் இறுகிக் கிடந்தால் சிலர் நெருப்பில் போடுவார்கள். என் மச்சான் அப்படித்தான் தன்னுடையதைப் போட்டான். காம்பு எரிந்தது, வாயின் பதமும் சேர்ந்து போனது. நல்ல வாயில் அரம் தயங்கித் தயங்கித்தான் கடிக்கும். அவனுடையதில் சறசறவென்று வாரியது. பிறகு கம்மாலைக்குக் கொண்டுபோய், வாயை மட்டும் சிவக்கக் காய்ச்சித் தோய்த்து, மறுபடி இளஞ்சூட்டில் வைக்கோல் நிறம் தாண்டி மண்ணிறம் ஏறும்வரை பிடித்துத்தான் சரிப்படுத்தினார்கள். துண்டைத் துளைபோட்டுக் கீழிருந்து தட்டி எடுப்பது அரைமணி வேலை. கிரைண்டரும் நெருப்புத்தான்: வாயில் நீலம் பூத்தால் அந்த இடம் செத்தது.

வாழைச்சேனையிலிருந்து:

அண்ணன்மார் கோடாலியைத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருங்கள், இங்கே விறகு கொத்துகிறவள் நான். 1978 நவம்பர்ச் சூறாவளியில் விழுந்த தென்னைகளை அப்பா தறித்த கோடாலி இப்போது என்னிடம். கடையில் வாங்கின காம்பு ஒன்று போட்டோம், உலக்கைத் தடிப்பு, மேலே பளபளவென்று வார்னிஷ். கையில் கொப்புளம்தான் மிச்சம். கண்ணாடித் துண்டால் வார்னிஷைச் சுரண்டி, நடுப்பகுதியைப் பெருவிரலும் நடுவிரலும் தொட்டுக்கொள்கிற அளவுக்கு மெலிய வைத்தபிறகுதான் நாள் முழுக்க வெட்ட முடிகிறது. பெண்களுக்கு மட்டுமில்லை, மெலிந்த காம்பில் எல்லாருக்கும் அதிர்ச்சி குறையும்.

தண்ணீர் விஷயத்தில் நான் ஒத்துக்கொள்ளவில்லை. மத்தியானம் உலை வைக்க வேண்டும், தலை ஆடுகிறது என்றால் நான் வாளியைத்தான் தேடுவேன்.

கொக்கட்டிச்சோலையிலிருந்து:

தங்கச்சி, அன்றைய உலைக்கு வாளி சரி, மறுநாள் புது ஆப்பு வையுங்கள். அவசரமில்லாத நாளில் தலையைக் கவிழ்த்து, கண்ணுக்கு வெளியே தெரிகிற மரத்தை லின்சீட் எண்ணெயில் ஊறவிட்டுப் பாருங்கள். கிரிக்கெட் மட்டைக்குப் பூசுகிற அதே எண்ணெய். தேங்காய் எண்ணெய் காயாது, பிசுக்குத்தான் மிஞ்சும்.

சாவண்டலை எங்கே எடுக்கலாம் என்று உள்பெட்டியில் சிலர் கேட்டிருந்தார்கள். காட்டுக்குள் கத்தியோடு போகாதீர்கள், வன இலாகா வழக்குப் போட்டால் காம்புக்கு ஆன செலவில் வீடே கட்டலாம். மர ஆலையில் கழிவுத் துண்டு கேளுங்கள், பில்லையும் கேட்டு வாங்குங்கள். மூன்றடி நீளம் போதும்.