இடர்க்காரணியா, இடர்காட்டியா? தாயின் இரத்த வகையும் கர்ப்பகால உயர் இரத்த அழுத்தமும்

கலைச்சொல் குழு அன்பர்களுக்கு வணக்கம்.

தாயின் இரத்த வகைக்கும் கர்ப்பகால உயர் இரத்த அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பை விளக்கும் கட்டுரையில், இரத்த வகையை ‘இடர்க்காரணி’ (risk factor) என்று குறிக்கலாம் என முன்மொழியப்பட்டுள்ளது. அச்சொல் இந்த இடத்துக்குப் பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. மாற்றாக ‘இடர்காட்டி’ (risk marker) என்பதை முன்வைக்கிறேன்.

கருவுற்று 20 வாரங்களுக்குப் பிறகு இரத்த அழுத்தம் 140/90 என்ற அளவையோ அதற்கு மேலோ எட்டி, சிறுநீரில் புரதம் வெளியேறினாலோ, கல்லீரல், சிறுநீரகம் முதலிய உறுப்புகள் பாதிக்கப்பட்டாலோ அதை முன்சூல்வலிப்பு (pre-eclampsia) என்கிறோம்; கர்ப்பகால உயர் இரத்த அழுத்தக் கோளாறுகளில் அதுவும் ஒன்று. சுவீடனில் நடந்த பெரிய ஆய்வொன்றில், ‘ஓ’ வகைப் பெண்களைவிட மற்ற வகையினரிடம், குறிப்பாக ‘ஏபி’ வகையினரிடம், இந்நோய் சற்றே கூடுதலாகக் காணப்பட்டது. ‘ஓ’ வகையினரின் இரத்தத்தில் வான் வில்லிபிராண்டு எனப்படும் உறைதல் காரணி ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவாக இருப்பதால், உறையும் தன்மையில் உள்ள இந்த வேறுபாடு நஞ்சுக்கொடியின் இரத்த ஓட்டத்தையும் பாதிக்கலாம் என்று ஒரு விளக்கம் உண்டு. ஆயினும் ‘ஏபி’ வகைப் பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்நோய் வருவதில்லை. ‘ஓ’ வகையினர் இதற்குத் தப்பியவர்களும் அல்லர். (உறைதல் ‘காரணி’யும் இடர்க் ‘காரணி’யும் ஒரே பத்தியில் வந்து மோதுவதையும் கவனிக்க வேண்டும்.)

ஆந்திராவின் தமிழக எல்லையை ஒட்டிய நகரி, சத்தியவேடு வட்டாரங்களில் தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் எங்கள் வீடுகளில் ‘காரணம்’ என்பது இரு மொழிக்கும் பொதுவான சொல். ‘இரத்த வகை ஒரு காரணி’ என்று படிப்பவர், ‘மருமகளின் இரத்தம்தான் காரணம்’ என்றே எடுத்துக்கொள்வார். அவ்வாறு எண்ண அவருக்கு நியாயமும் இருக்கிறது. ஆர்எச் நெகட்டிவ் தாய்க்கு ஆர்எச் பாசிட்டிவ் குழந்தை உருவாகும்போது இரத்த வகைப் பொருத்தமின்மையே தீங்கின் மூலமாகிறது. அதனால்தான் பிரசவமான 72 மணி நேரத்துக்குள், தாயின் உடலில் எதிர்ப்பொருள் உருவாகாமல் தடுக்கும் ஆன்ட்டி-டி ஊசி போடுகிறார்கள். அங்கே இரத்த வகை உண்மையாகவே காரணம். அழுத்தக் கோளாற்றிலோ அது புள்ளிவிவரம் தரும் ஒரு குறிப்பு மட்டுமே. இரண்டுக்கும் ஒரே சொல்லை ஆண்டால், ஊசியால் தடுக்கக்கூடிய ஒன்றும் வெறும் தொடர்பாக மட்டும் அறியப்பட்ட ஒன்றும் படிப்பவர் மனத்தில் ஒன்றாகிவிடும். தெலுங்கு வழக்கில், இந்த அழுத்தக் கோளாறு முற்றி வரும் வலிப்புக்குக் ‘குர்ரபு வாதம்’, அதாவது குதிரை வாதம், என்ற பெயர் உண்டு. மக்கள் வழக்கு பழியை வாதத்தின் மேல் போட்டது; நம் கலைச்சொல் அதைத் தாயின் மேல் போடலாகாது.

‘இடர்க்குறி’ போதுமே என்ற கருத்தும் வந்திருக்கிறது. ‘குறி’ என்றால் நோயின் அறிகுறி என்று ஒருவர் கொள்வார், குறி சொல்லுதல் என்று இன்னொருவர் கொள்வார். இரத்த வகையைச் சாதகம்போல் பார்க்கும் மனப்போக்கு ஏற்கெனவே இருக்கையில் அச்சொல் அதற்குத் துணைபோகும். ‘காட்டி’ அப்படியன்று. நாட்காட்டி நாளை உண்டாக்குவதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தத் தெளிவு சொல்லோடேயே வந்துவிடுகிறது.

‘இடர்க்காரணி’யை அடியோடு கைவிட வேண்டியதில்லை. முன்பே உள்ள உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், சிறுநீரக நோய், உடல் பருமன் ஆகியவற்றுக்கு அது தகும். முன்சூல்வலிப்பைத் தடுக்கக் குறைந்த அளவு ஆஸ்பிரினை 16 வாரங்களுக்கு முன் தொடங்குவதா என்று மருத்துவர் முடிவெடுப்பதும் இத்தகையவற்றையும் முந்தைய கர்ப்ப வரலாற்றையும் கொண்டுதான். இரத்த வகையைக் கொண்டு அல்ல.

கலைச்சொல் பதிவுக்கு நான் பரிந்துரைக்கும் விளக்கம்: ‘இடர்காட்டி: ஒரு நோய் வரும் வாய்ப்பு கூடுதலாகவோ குறைவாகவோ இருப்பதோடு சேர்ந்து காணப்படுவது, அந்நோயை உண்டாக்குவதாக நிறுவப்படாதது.’ இதில் ‘நிறுவப்படாதது’ என்ற சொல்லை நீக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நாளை சான்று கிடைத்தால் ஓர் இடர்காட்டி இடர்க்காரணியாக மாற அதுவே இடம் தருகிறது.