ஐப்பசியில் வந்தவை எங்கே போயின?

உச்சிப்புளி அருகிலிருந்து:

எங்கள் தோட்டம் பெரியதன்று. கடற்கரையிலிருந்து கால் மணி நேர நடையில், மணற்பாங்கான அரை ஏக்கர். 11 தென்னை, இரண்டு முருங்கை, ஒரு வேம்பு, வேலியோரம் பனையும் உடைமரமும், தானாய் முளைத்த எருக்கும். இதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்றே 60 ஆண்டுகளாக நினைத்திருந்தேன். மகன் வளைகுடா வேலைக்குப் போனதால், 7ஆம் வகுப்புப் படிக்கும் பேரன் சென்ற சித்திரையிலிருந்து எங்களோடு இருக்கிறான். அவன் வந்தபின் கண்டவற்றையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவன் கண்ணில் பட்டது குழிநரி. குழியானை என்றும் சொல்வார்கள். மழைச்சாரல் படாத தாழ்வாரத்தின் ஓரத்தில், சலித்த மாவுபோல் கிடக்கும் மணலில், காசு அகலத்தில் புனல் வடிவக் குழிகள் இருக்கும். சிறுவயதில் நாங்களும் அதற்குள் எறும்பைத் தள்ளிவிட்டு வேடிக்கை பார்த்தவர்கள்தாம். அடியிலிருந்து மணலை வீசி எறும்பைச் சரியவைத்து, கொடுக்குகள் இரண்டும் மூடியதும் ஆட்டம் முடிந்துவிடும், நாங்களும் எழுந்து போய்விடுவோம். இவன் எழுந்து போகவில்லை. ஒன்றைத் தோண்டி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "ஐயா, இது பின்பக்கமாகவே நடக்கிறது" என்றான். பெரிதானால் என்ன ஆகும் என்பது அடுத்த கேள்வி. குழிநரி பெரிதானாலும் குழிநரிதான் என்று சொல்லிவிட்டேன்.

அவன் நம்பவில்லை போலும். கண்ணாடித் தம்ளரில் முக்கால் பங்கு மணல் நிரப்பி, ஒன்றை அதில் விட்டு, தினமும் இரண்டு மூன்று எறும்புகளைப் போட்டுவந்தான். வைகாசிக் கடைசியில் ஒரு நாள் குழி தூர்ந்து கிடந்தது. செத்துவிட்டது என்று மணலைக் கொட்டப் போனேன்; அவன் தடுத்து, விரலால் மெல்லத் துழாவி, பட்டாணி அளவில் ஓர் உருண்டையை எடுத்துக் காட்டினான். மணலை நூலால் ஒட்டி உருட்டியதுபோல் இருந்தது. அதை மறுபடியும் புதைத்து, ஏறிவர ஓர் ஈர்க்குச்சியை நட்டு, தம்ளரின் வாயில் கொசுவலைத் துண்டைக் கட்டிவைத்தான். 26ஆம் நாள் விடியலில் அந்தக் குச்சியில் தட்டான் போன்ற ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. தட்டான் அன்று. தட்டானின் உணர்கொம்புகள் கண்ணுக்கே எட்டாத மயிரளவுதான். இதற்கோ முனை தடித்த கொம்புகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. தட்டான் உட்காரும்போதும் இறக்கையை விரித்து வைத்திருக்கும். இது கூரை வேய்ந்ததுபோல் உடலின்மேல் மடித்திருந்தது. இரவில் விளக்கைச் சுற்றும் இந்தப் பூச்சியைத் துடைப்பத்தால் எத்தனை முறை தட்டியிருப்பேன் என்று எண்ணிக் கொஞ்சம் கூச்சப்பட்டேன்.

ஆடியில் கச்சான் காற்று மணலை வாரி இறைத்தபோது அணிலும் தவிட்டுக்குருவியும் தவிரக் குறிப்பேட்டில் எழுத அவனுக்கு அதிகம் கிடைக்கவில்லை. ஐப்பசி முதல் மழைக்குப் பட்டுப்பூச்சிகள் மண்ணிலிருந்து ஊர்ந்து வந்தன; தீப்பெட்டியில் பிடித்து வைப்போமே, அந்தச் சிவப்பு வெல்வெட்டுப் பூச்சிகள். எட்டுக் கால் இருப்பதால் அது பூச்சியே அன்று, சிலந்திக்கு உறவு என்று திருத்தினான். அதே நாள்களில் தென்னை உயரத்தில் பழுப்பு மஞ்சள் தட்டான்கள், எண்ண முடியாத அளவு, எங்கும் உட்காராமல் மாலையெல்லாம் பறந்துகொண்டிருந்தன. கார்த்திகைப் பாதியில் ஒன்றைக்கூடக் காணவில்லை. எங்கே போயின என்று கேட்டான். செத்திருக்கும் என்று சொல்ல வாயெடுத்தவன், தம்ளர் நினைவுக்கு வரவே நிறுத்திக்கொண்டேன். நம் கரையில் யாரேனும் பார்த்ததுண்டா?

பாம்பனிலிருந்து:

பார்த்ததுண்டு, ஐயா. வாடை பிடிக்கும் நாள்களில் மன்னார் வளைகுடாவில், கரை கண்ணுக்குத் தெரியாத தொலைவில், படகின் கயிற்றில் வரிசையாகத் தட்டான்கள் தொற்றிக்கொண்டிருந்ததை இரண்டு முறை கண்டிருக்கிறேன். காற்று அடித்து வந்த பாவப்பட்ட பூச்சிகள் என்று நினைத்தேன். பிறகு வேறொன்றைப் படித்தேன். மாலத்தீவில் வசித்த கடலுயிர் ஆய்வாளர் சார்லஸ் ஆண்டர்சன், ஆண்டுதோறும் அக்டோபர் வாக்கில் அங்கே திரள்திரளாகத் தட்டான்கள் வருவதைக் குறித்துவைத்து, 2009இல் கட்டுரையாக வெளியிட்டார். நன்னீர்க் குட்டைகள் அரிதான பவளத் தீவுகளில் தட்டான் அத்தனை பெருக வழியில்லை. எனவே அவை இந்தியாவிலிருந்து பருவக்காற்றின் துணையோடு கடல் தாண்டி, கிழக்கு ஆப்பிரிக்கா நோக்கிப் போகின்றன என்பது அவர் கருத்து. மழைநீர் தேங்கிய பள்ளத்தில் முட்டையிட்டு, அது வற்றுமுன் சில வாரங்களிலேயே வளர்ந்துவிடும் இனம் அது. பேரன் பார்த்தவை அவைதாம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் பழுப்பு மஞ்சள், கூட்டம், உட்காராத பறப்பு, மழைக்காலம் என்று அவன் குறித்த எல்லாமே பொருந்துகின்றன.

கீழக்கரையிலிருந்து:

எங்களுக்கு வந்தது பறவை. ஐப்பசித் தொடக்கத்தில் சுபுஹுத் தொழுகைக்கு எழுந்தபோது, கொல்லையில் துவைகல்லின் அருகே ஒன்று குந்தியிருந்தது. முதுகு பச்சை, இறக்கையில் நீலம், கண்ணோரம் மை தீட்டியதுபோல் கறுப்புப் பட்டை, அடிவயிற்றில் சிவப்பு. "உம்மா, இதற்கு வால் வைக்க மறந்துவிட்டார்கள்" என்றாள் 11 வயது மகள். ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கேயும் இலங்கைக்கும் இரவில் பறந்து வருவது. வரும் வழியில் களைத்து வீடுகளுக்குள் விழுவது வழக்கம். மகள் வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றப் போனாள். மூச்சுக்குழலில் இறங்கிவிடும் என்று தடுத்தேன். துளையிட்ட அட்டைப்பெட்டியில் பழைய துணி விரித்து, இருட்டில், பூனை எட்டாத இடத்தில் வைத்தோம். அவள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்காமல் காப்பதுதான் பெரிய வேலையாக இருந்தது. மாலையில் பெட்டியைத் திறந்ததும் மருதாணிப் புதருக்குள் தத்திப் போனது. மறுநாள் அங்கே இல்லை.

உச்சிப்புளி அருகிலிருந்து, மறுபடியும்:

இருவருக்கும் நன்றி. எழுதத் தாமதமானதற்குக் காரணம் வீட்டில் நடந்த ஒரு வழக்கு. கீழக்கரை அம்மா எழுதியதைப் படித்துக் காட்டியதிலிருந்து பேரன் மாலை ஆறு மணிக்கு வேம்படியில் காத்திருக்கத் தொடங்கினான். மார்கழிக் கடைசியில் இரண்டு சுரத்தில் ஒரு சீழ்க்கை கேட்டது; மறுநாள் பறவையே தென்பட்டது. அது இலைச்சருகைக் கிளறித்தான் இரை தேடுகிறது என்று கண்டதும், வேம்படியைப் பெருக்கக் கூடாது என்று அப்பத்தாவிடம் சொல்லிவிட்டான். குப்பையை வைத்துக்கொண்டு பொங்கல் கொண்டாடுவதா என்று அவள் ஒரு நாள் முழுதும் பேசவில்லை. கடைசியில் வாசலிலிருந்து கிணறு வரை அவளுக்கு, கிணற்றுக்கு அப்பால் அவனுக்கு என்று தீர்ப்பானது.

நேற்று நானும் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு சருகை அலகால் தூக்கி எறிகிறது, குனிந்து பார்க்கிறது, இரண்டு தத்தல் தள்ளி அடுத்ததை எறிகிறது. வெயில் ஏறினால் இது வடக்கே திரும்பிவிடும் என்றேன். வடக்கு எந்தப் பக்கம் என்று கேட்டான். காட்டினேன். கிணற்றுச் சுவரில் கரித்துண்டால் ஓர் அம்பு வரைந்து வைத்திருக்கிறான்.