ஆஞ்சியோவில் 60 சதவீத அடைப்பு: இஞ்சி, பூண்டுச் சாறு குடித்தால் கரையுமா?

ரப்பர்தோட்டம்:

அப்பாவுக்கு 63 வயது. குலசேகரம் பக்கம் முப்பது வருஷம் ரப்பர் பால் வெட்டியவர். போன மாதம் ஏற்றத்தில் நடக்கும்போது நெஞ்சில் கல்லை வைத்த மாதிரி இருக்கிறது என்றார். நாகர்கோவிலில் ஆஞ்சியோ, அதாவது இதயத்துக்குப் போகிற ரத்தக் குழாய்களைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். ஒரு குழாயில் 60 சதவீதம் அடைப்பு, இன்னொன்றில் 40. இப்போதைக்கு ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் கம்பிவலை) வேண்டாம், மாத்திரையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் போதும் என்று அனுப்பிவிட்டார்கள். கெட்ட கொழுப்பு (எல்.டி.எல்.) 148 இருந்தது.

அதற்குள் பக்கத்து வீட்டு மாமா ஒரு பாட்டில் கொண்டுவந்தார். இஞ்சிச் சாறு, பூண்டுச் சாறு, எலுமிச்சைச் சாறு, ஆப்பிள் சிடர் வினிகர் ஒவ்வொரு கப், காய்ச்சி வற்றவைத்துத் தேன் கலந்தது. வாட்ஸப்பில் எல்லோருக்கும் வந்திருக்கும். தினமும் காலையில் குடித்தால் அடைப்பு கரைந்துவிடும் என்கிறார். அப்பா அதை நம்பி மாத்திரையை நிறுத்திப் பதினொரு நாள் ஆகிறது. எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது. தேங்காய் எண்ணெயை மாற்றலாமா என்று கேட்டால், "உன் தாத்தா அதைச் சாப்பிட்டுத்தானே 90 வயது வரை இருந்தார்" என்று வாயை அடைக்கிறார். அவரிடம் என்ன சொல்வது? வீட்டில் எதை மாற்றுவது?

தாழக்குடிக்காரி:

தங்கச்சி, மற்றதெல்லாம் அப்புறம். இன்றைக்கே அந்த டாக்டருக்குப் போன் செய்து பதினொரு நாள் விட்டுப்போனதைச் சொல்லுங்கள். திரும்ப எப்படித் தொடங்குவது என்று அவரே சொல்லட்டும். நடக்காமல் சும்மா இருக்கும்போதே நெஞ்சு பாரம், வியர்வை, தாடையிலோ இடது கையிலோ வலி வந்தால் யாரையும் கேட்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். என் வீட்டுக்காரருக்கு ஆறு வருஷம் முன்பு கடையில் வைத்து அட்டாக் வந்தபோது கேஸ் என்று நினைத்து சோடா குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அப்போது 49 வயது. அந்த இரண்டு மணி நேரத்தை நினைத்தால் இன்றும் எனக்குத் தூக்கம் வராது.

அந்த பாட்டிலை நானும் காய்ச்சியிருக்கிறேன். ஸ்டென்ட் வைத்து வந்தபின் மூன்று மாதம் கொடுத்தேன். மாத்திரையை மட்டும் நிறுத்தவில்லை. தேன் அவ்வளவு சேர்க்கிறோம் இல்லையா, மூன்று மாதச் சராசரி சர்க்கரை 6.4-லிருந்து 7.1 ஆனது. அதைப் பார்த்ததும் டாக்டர் சீட்டின் பின்பக்கம் ஒரு படம் வரைந்து காட்டினார். அன்றுவரை நான் அடைப்பு என்றால் தண்ணீர்க் குழாயின் உள்ளே பிடிக்கிற உப்பு மாதிரி, எதையாவது ஊற்றினால் கழன்று போகும் என்றே நினைத்திருந்தேன். அப்படி இல்லை. கொழுப்பு குழாயின் சுவருக்குள்ளேயே போய்ச் சேர்கிறது. அதன்மேல் மெல்லிய ஒரு தோல் மூடியிருக்கிறது. அந்தத் தோல் கிழிந்தால் அங்கே ரத்தம் உறைந்து குழாய் மொத்தமாக அடைபடும். அதுதான் அட்டாக். 40 சதவீத அடைப்பிலும் தோல் கிழியலாம். கொழுப்பு மாத்திரை ரத்தத்தில் கெட்ட கொழுப்பைக் குறைப்பதோடு அந்த இடத்தையும் கெட்டிப்படுத்துகிறது. சிலருக்கு அடைப்பு கொஞ்சம் சுருங்குவதும் உண்டு. வயிற்றுக்குள் போகிற சாறு சுவருக்குள் புகுந்து அதை அரிக்காது. அப்பாவிடம் இந்தப் படத்தை வரைந்தே காட்டுங்கள். வாயால் சொன்னபோது என் வீட்டுக்காரரும் கேட்கவில்லை.

இனி அடுக்களை. நம்ம ஊரில் தேங்காயைத் தொடுவதுதான் பெரிய பாடு. மாமியார், "தேங்காய் அரைக்காத குழம்பு ஒரு குழம்பா" என்று ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. எங்கள் வீட்டில் ஐந்து பேர். மாதம் நாலு லிட்டர் தேங்காய் எண்ணெய் போய்க்கொண்டிருந்தது. அதில் பத்தில் ஒன்பது பங்கு நிறை கொழுப்பு. இரண்டு மேசைக்கரண்டி உள்ளே போனாலே ஒரு நாளுக்கு இருக்க வேண்டிய அளவு முடிந்துவிடும், மற்ற எண்ணெய்களை விடக் கெட்ட கொழுப்பையும் ஏற்றும். கடலை எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குதான், நல்லெண்ணெயில் அதைவிடவும் குறைவு. இப்போது மொத்தம் இரண்டேகால் லிட்டர், அதில் தேங்காய் எண்ணெய் அரை லிட்டர். ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று டீஸ்பூன். தாளிப்பும் வறுவலும் கடலை எண்ணெயில். அவியலை இறக்கியபின் ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெயைப் பச்சையாக மேலே விடுகிறேன். வாசம் அதிலேயே வந்துவிடும். துவரனுக்கு (பொரியலுக்கு) தேங்காய்த் துருவல் ஒரு பிடி போதும். ஒரு நாளைக்கு ஒரு தேங்காய் என்றிருந்தது மூன்று நாளைக்கு ஒன்று ஆனது. மாமியாரே பிற்பாடு, "இப்போது நெஞ்சு கரிக்கவில்லை" என்றார்.

தாத்தா கதையை எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். அந்தத் தாத்தா விடியுமுன் மலை ஏறி, மரத்துக்கு மரம் நடந்து, மதியம் கஞ்சி குடித்தவர். வறுத்ததும் பொரித்ததும் பண்டிகைக்குத்தான். எண்ணெய் அதேதான், அளவும் அவர் நடந்த நடையும் வேறு.

உப்பைக் குறைத்தேன் என்று எல்லோரும் சொல்வார்கள். உங்கள் வீட்டு ஒரு கிலோ பாக்கெட் எத்தனை நாளில் தீர்கிறது என்று சுவரில் எழுதிப் பாருங்கள். எங்களுக்குப் பதினெட்டு நாள். கணக்குப் போட்டால் ஆளுக்குத் தினம் பதினொரு கிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஐந்துக்குள், அதாவது தட்டையாக ஒரு டீஸ்பூன். கருவாடும் அப்பளமும் ஊறுகாயும் நேந்திரங்காய் சிப்ஸும் கடையிலிருந்து கொண்டுவரும் உப்பு இந்தக் கணக்கில் வரவேயில்லை. ஆகவே அவற்றைத்தான் முதலில் வெட்டினேன். கஞ்சிக்குத் தனியே உப்புப் போடுவதையும் விட்டோம். இரண்டு வாரம் நாக்கு சண்டை போட்டது, அப்புறம் அடங்கிவிட்டது. இப்போது பாக்கெட் முப்பத்தாறு நாள் வருகிறது.

நெய்மீன் (வஞ்சிரம்) வாங்க முடியவில்லையே என்று கவலைப்படாதீர்கள். இதயத்துக்கு நல்ல ஒமேகா 3 கொழுப்பு சாளையில் (மத்தி மீனில்) நிறைய இருக்கிறது. வாரம் இரண்டு தடவை வடசேரி சந்தையில் வாங்கிப் புளிமுளம் (புளி சேர்த்த மீன் குழம்பு) வைக்கிறேன், பொரிப்பதில்லை. முருங்கைக்கீரை, வெண்டைக்காய், பயறு தினமும் ஏதாவது ஒன்று.

என் வீட்டுக்காரரின் நடை மெதுவாகத்தான் தொடங்கியது. முதல் நாள் எட்டு நிமிஷம், அண்ணா ஸ்டேடியத்தில், நான் தண்ணீர் பாட்டிலோடு பின்னால். இப்போது 35 நிமிஷம், வாரம் ஐந்து நாள். உங்கள் அப்பா எவ்வளவு நடக்கலாம், ஏற்றம் ஏறலாமா என்று டாக்டரைக் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

என் வீட்டுக்காரருக்குக் கெட்ட கொழுப்பு 156-லிருந்து 62 ஆனது. அதில் பெரும்பங்கு மாத்திரையால்தான், அதை மறைக்கமாட்டேன். பிரஷர் 150-லிருந்து 126-க்கு வந்தது உப்பாலும் நடையாலும். டாக்டரே இரண்டு பிரஷர் மாத்திரையில் ஒன்றைக் குறைத்தார்.

மருந்துக்கடை:

அக்கா சொன்னதோடு ஒன்று. அப்பாவுக்கு ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஆஸ்பிரினோ குளோபிடோக்ரலோ இருந்தால், பூண்டைச் சாறாகவும் மாத்திரையாகவும் அதிகம் எடுப்பது ரத்தக் கசிவைக் கூட்டலாம். ரசத்தில் நாலு பல் தட்டிப் போடுவதில் பயமில்லை.

கொழுப்பு மாத்திரையால் தசை வலிக்கிறது என்று எங்கள் கடையில் பலர் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். வலித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார். இதயக் குழாயில் அடைப்பு உள்ளவர்களுக்குக் கெட்ட கொழுப்பு 70-க்குக் கீழே வரவேண்டும், 55-க்குக் கீழே கேட்கிற டாக்டர்களும் உண்டு. பிரஷரை வீட்டில் பார்க்கும்போது ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்கார்ந்தபின், கை நெஞ்சு மட்டத்தில் இருக்கப் பாருங்கள். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காப்பி, பீடி கூடாது.

பழைய கண்டக்டர்:

மகளே, அப்பா பீடி குடிப்பாரா? நீ எழுதவில்லை. நான் முப்பத்தொரு வருஷம் பஸ்ஸில் இருந்தேன், தினம் ஒரு கட்டு. 58 வயதில் நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், இரண்டு நிமிஷம் நின்றால் சரியாகும். முட்டுத் தேய்மானம் என்று தைலம் தேய்த்தே ஒரு வருஷம் போனது. கடைசியில் கணுக்காலிலும் கையிலும் பிரஷர் அளந்து ஒப்பிட்டார்கள். கணுக்கால் கையைவிட நன்றாகக் குறைந்திருந்தது. காலுக்குப் போகிற குழாயில் அடைப்பு.

பீடி குழாயின் உள்தோலையே புண்ணாக்கும், கொழுப்பு நுழைய வழி விடும். பத்துப் பீடியை மூன்றாகக் குறைத்தேன் என்பது போதாது மகளே, முழுக்க விடவேண்டும். விட்டு ஒரு வருஷம் ஆனால் மாரடைப்பு வரும் ஆபத்து, தொடர்ந்து பீடி குடிக்கிறவர்களுக்கு இருப்பதில் ஏறக்குறைய பாதியாகிவிடும். காலுக்கு எனக்குச் சொன்ன வைத்தியமும் நடைதான்: வலிக்கும்வரை நட, நில், வலி போனதும் மறுபடி நட. முன்பு இருநூறு அடியில் நின்றவன், இப்போது இரண்டு கிலோமீட்டர் நிற்காமல் போகிறேன்.

ரப்பர்தோட்டம்:

எல்லோருக்கும் நன்றி. டாக்டரிடம் பேசிவிட்டேன், நேற்று ராத்திரியிலிருந்து மாத்திரை தொடங்கியாயிற்று. சனிக்கிழமை நேரில் வரச் சொல்லியிருக்கிறார். படம் வரைந்து காட்டினேன். அப்பா ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பீடி உண்டு, தினமும் எட்டுப் பத்து. நான் வெட்கப்பட்டு எழுதவில்லை. பாக்கெட்டில் இருந்ததை அவரே எடுத்து அம்மா கையில் கொடுத்தார். அம்மா உப்புப் பாக்கெட்டில் இன்றைய தேதியை எழுதி வைத்திருக்கிறார்.

அக்கா, ஒரே ஒரு கேள்வி. மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) மீனும் இல்லாமல் அப்பாவுக்கு ராத்திரி சாப்பாடே இறங்காது. அதையும் நிறுத்த வேண்டுமா?

தாழக்குடிக்காரி:

வேண்டாம் தங்கச்சி. கிழங்கு உண்டென்றால் அன்றைக்குச் சோறு இல்லை, அவ்வளவுதான். அரைத் தட்டு கிழங்கு, தேங்காய் சேர்த்து மசிக்காமல் வெறுமனே அவித்தது. நாலு சாளை புளிமுளமாக, கூட ஒரு கரண்டி கீரை. ஏழரைக்குள் சாப்பிட்டுவிட்டு வீட்டைச் சுற்றிப் பத்து நிமிஷம் மெதுவாக நடக்கலாமா என்று சனிக்கிழமை டாக்டரிடம் கேளுங்கள். சரி என்றால் நீங்களும் கூட நடங்கள், தனியாக விட்டால் நடக்கமாட்டார்.