மேசை வாளுக்கு நானே செய்த பிளவுத் தகடு

கோண்டாவிலிலிருந்து:

வணக்கம் உறவுகளே. வேப்பம் பலகை ஒன்று என் இடுப்பை உரசிக்கொண்டு பறந்து, பட்டறையின் பின்சுவரில் சீமெந்துப் பூச்சைப் பெயர்த்த நாளுக்குப் பிறகுதான் இந்த வேலையில் இறங்கினேன். மேசையின் நடுவே வட்ட அலகு மேலெழுந்து சுழலும் என்னுடைய 10 அங்குல மேசை வாளைப் பாவித்த பொருளாக வாங்கியபோது, அலகின் மேல்மூடியும் அலகுக்குப் பின்னால் நிற்க வேண்டிய தகடும் அதில் இருக்கவில்லை. அவை இல்லாமலே வேலை செய்யலாம் என்று விற்றவர் சொன்னார். நானும் இரண்டு ஆண்டுகள் அப்படியே செய்தேன்.

அன்று தங்கையின் வீட்டு யன்னல் நிலைக்காகப் பலகையை நீளவாக்கில் அரிந்துகொண்டிருந்தேன். கிணற்றடியில் சாய்ந்து வளர்ந்த வேம்பு அது. சாய்ந்த மரத்தின் உள்ளே ஓர் இறுக்கம் தங்கியிருக்கும். அரியும்போது அது விடுபட்டு, சில பலகைகளில் வெட்டுவாய் (அலகு அரிந்து சென்ற பிளவு) விரியும், சிலவற்றில் மூடும். என்னுடையது மூடியது. அலகின் முன்பக்கப் பற்கள் மரத்தை மேசையோடு அழுத்துகின்றன. பின்பக்கப் பற்களோ கீழிருந்து மேலெழுகின்றன. மூடிய மரம் அந்தப் பின்பற்களைக் கௌவினால், அவை பலகையைத் தூக்கி, வேலை செய்பவர் நிற்கும் பக்கமாகவே எறியும். நிமிடத்துக்கு 2,850 சுற்றுச் சுழலும் 10 அங்குல அலகின் பல் நுனி, கணக்கிட்டுப் பார்த்தால், மணிக்கு ஏறத்தாழ 136 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறது. பலகை சுவரில் மோதிய ஓசையைக் கேட்ட பிறகுதான் என் கைவிரல்களை எண்ணிப் பார்த்தேன்.

வெட்டுவாய் மூடாமல் அலகுக்குப் பின்னால் நின்று காக்கும் தகட்டை விற்பனையாளர்கள் ரைவிங் நைஃப் என்பார்கள்; நான் பிளவுத் தகடு என்கிறேன். என் வாளுக்கு உரியது கிடைக்கவில்லை. ஆகவே செய்தேன், அதில் ஒரு தடவை தோற்றும் போனேன்.

முதலில் கையில் கிடைத்த 2 மில்லிமீற்றர் இரும்புத் தகட்டை வெட்டிப் பொருத்தினேன். அது இரு வகையில் தவறு. என் அலகின் உடல் 2.2 மில்லிமீற்றர் தடிப்பு. கார்பைட் பற்களின் அகலம், அதாவது வெட்டுவாயின் அகலம், 3.2 மில்லிமீற்றர். தகடு அலகின் உடலைவிடத் தடிப்பாகவும் வெட்டுவாயைவிட மெல்லியதாகவும் இருக்க வேண்டும். அலகின் உடலைவிட மெல்லிய தகட்டால் வெட்டுவாய் மூடுவதை முழுமையாகத் தடுக்க முடியாது. அத்துடன் அந்தச் சாதாரண இரும்பு, கையால் சற்று அழுத்தியவுடனேயே வளைந்து கொடுத்தது.

இரண்டாம் முறை, மரக்காலை ஒன்றில் தேய்ந்து கழித்துவிட்ட பெரிய வட்டவாள் அலகைக் கேட்டு வாங்கினேன். வேணியர் இடுக்கிமானியால் அளந்தபோது அதன் உடல் 2.5 மில்லிமீற்றர் காட்டியது. எனக்கு வேண்டியது அதுவே. முதலில் அட்டையில் வடிவத்தை வெட்டிப் பொருத்திப் பார்த்தேன். என் அலகின் ஆரம் 127 மில்லிமீற்றர். பற்களுக்கும் தகட்டுக்கும் இடையே 5 மில்லிமீற்றர் வேண்டும் என்று வைத்து, உள்வளைவை 132 மில்லிமீற்றர் ஆரத்தில் வரைந்தேன். இந்த இடைவெளி கூடினால், தகட்டைச் சென்றடையும் முன்னரே மரம் மூடிப் பற்களைப் பிடித்துவிடும். பிரித்தானியாவின் தொழிற் பாதுகாப்பு வழிகாட்டல், மேசை மட்டத்தில் இது 8 மில்லிமீற்றரைத் தாண்டக் கூடாது என்கிறது. தகட்டின் உச்சியை அலகின் உச்சியைவிட 2 மில்லிமீற்றர் தாழ்த்தினேன். அதனால் தகட்டைக் கழற்றாமலே பலகையில் காடி (முழுவதும் ஊடுருவாத நீளப் பள்ளம்) வெட்ட முடிகிறது.

வெட்டும்போது உருக்கு சூடேறி நீலம் பாய்ந்தால் அதன் உறுதி போய்விடும். ஆகவே கிரைண்டரில் மெல்லிய வட்டு பூட்டி, கோட்டுக்கு வெளியே சற்றுத் தள்ளி, சிறிது சிறிதாக வெட்டி, இடையிடையே தண்ணீரில் தோய்த்து, கடைசி மில்லிமீற்றரை அரத்தால் தேய்த்து முடித்தேன். அரத்துக்கு மட்டும் ஒரு மாலைப் பொழுது முழுவதும் போயிற்று. மரம் வந்து முட்டும் முன்விளிம்பைச் சற்று மழுக்கிவிட்டேன். ஆணித் துளைகளை என் துளைகருவியால் போட முடியவில்லை. கடைசல் பட்டறையில் கொடுத்து, உயரத்தைச் சரிசெய்யக்கூடிய நீள்துளைகளாக வெட்டுவித்தேன்.

பொருத்தும் வேலைதான் மிகவும் கடினம். அலகைத் தாங்கி ஏற்றி இறக்கும் வார்ப்பிரும்புக் கையில், முன்பு ஏதோ பூட்டியிருந்த இரண்டு மரையுள்ள துளைகள் இருந்தன. தடித்த இரும்புத் துண்டொன்றை இடையே வைத்து அங்கே பூட்டினேன். மின்செருகியைக் கழற்றி வைத்துவிட்டு, நேரான இரும்புக் கோலை அலகின் ஒரு பக்கப் பற்களில் ஒட்ட வைத்துப் பின்னோக்கி நீட்டிப் பார்த்தேன். பிறகு மறு பக்கத்திலும் அவ்வாறே பார்த்தேன். தகடு இரு பக்கமும் கோலைத் தொடாமல் நடுவில் நிற்க வேண்டும். ஒவ்வொரு பக்கமும் எனக்குக் கிடைத்த இடம் 0.35 மில்லிமீற்றர் மட்டுமே. குளிர்பானப் பேணியின் மெல்லிய தகரத்தை வெட்டி, ஒன்றொன்றாக அடியில் வைத்து நடுவுக்குக் கொண்டுவந்தேன்.

இதனைச் செய்தவர்கள் தங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

சாவகச்சேரியிலிருந்து:

தம்பி, உங்கள் பதிவை இரண்டு தடவை வாசித்தேன். நான் சிறுவனாக ஓடாவியாரிடம் வேலை பழகியபோது, இருவர் இழுக்கும் நீள வாளால் மரம் அரிவார்கள். வாள் சிறிது தூரம் உள்ளே போனதும் வெட்டுவாயில் சிறிய ஆப்பு ஒன்றைச் செருகுவது என் வேலை. ஆப்பு வைக்க மறந்தால் வாள் இறுகிவிடும், திட்டும் விழும். உங்கள் தகடு அந்த ஆப்பின் வேலையையே செய்கிறது.

எனக்கு நேர்ந்தது வேறு வகை. என் வாளில் 2.5 மில்லிமீற்றர் தகடு ஒழுங்காகவே இருந்தது. மின்சாரம் மிச்சமாகும் என்று, வெட்டுவாய் 2.4 மில்லிமீற்றர் வரும் மெல்லிய அலகொன்றை வாங்கிப் பூட்டினேன். பலகை பாதி வழியில் தகட்டில் முட்டி நின்றது. அலகு சுழன்றுகொண்டிருக்க, என்ன காரணம் என்று தெரியாமல் நான் பலத்தைக் கூட்டித் தள்ளினேன். கை வழுக்கியிருந்தால் நேரே அலகின் மேல் விழுந்திருக்கும். இப்போது தகட்டின் தடிப்பை வாளின் மேசை ஓரத்தில் நிறப்பூச்சால் எழுதி வைத்திருக்கிறேன். கடைக்கு அலகு வாங்கப் போகும் என் மகனும் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டுதான் போவான்.

சுன்னாகத்திலிருந்து:

ஐயா சொன்னது எனக்கும் பாடம். நான் தகட்டை மேசையின் பின்விளிம்பில் அசையாமல் ஒட்டுவித்திருக்கிறேன். முழு உயரத்தில் அரியும்போது குறையேதும் தெரியவில்லை. மெல்லிய பலகைக்காக அலகைத் தாழ்த்தினால், தகடு உயரத்தில் நின்றுவிடுகிறது. பற்களுக்கும் அதற்கும் இடையே மூன்று விரல் இடைவெளி விழுகிறது. சென்ற மாதம் முதிரைச் சட்டமொன்று அந்த இடைவெளியிலேயே இறுகியது. தள்ளுகட்டையால் தள்ளியபடி ஒரு பக்கமாக நின்றதனால் தப்பினேன். இதனை அப்படியே வைத்திருக்கலாமா?

கோண்டாவிலிலிருந்து:

அண்ணா, கழற்றிவிட்டு மறுபடி செய்யுங்கள் என்றே சொல்வேன். தகடு அலகோடு சேர்ந்து ஏறி இறங்க வேண்டும். அலகைச் சரித்தால் தகடும் சரிய வேண்டும். உங்கள் வாளில் அலகைத் தாங்கும் கையில் துளை இல்லாவிட்டால், அதில் நீங்களாகத் துளை போடாதீர்கள், வார்ப்பிரும்பு வெடிக்கக்கூடும். கடைசல் பட்டறைக்காரர் ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். பலகையின் ஓரத்தை ஒட்ட வைத்துத் தள்ளும் வழிகாட்டிச் சட்டம் அலகுக்குச் சமாந்தரமாக இருக்கிறதா என்பதையும் அன்றே அளந்துகொள்ளுங்கள். அது பின்பக்கம் உட்சாய்ந்திருந்தால், எவ்வளவு நல்ல தகடானாலும் பலகையை அலகோடு நெருக்கும்.

ஐயா சொன்ன ஆப்பை நான் போன ஞாயிற்றுக்கிழமை நினைத்துக்கொண்டேன். மீதியிருந்த அதே வேப்பம் பலகையை அரிந்தேன். முக்கால்வாசி போனதும் மோட்டாரின் ஓசை தாழ்ந்தது. பலகை நகர மறுத்தது. உடனே ஆளியை அணைத்து, அலகு முற்றாக நிற்கும் வரை பலகையை விடாமல் பிடித்திருந்தேன். வெட்டுவாய் மூடித் தகட்டை இரு பக்கமும் இறுகப் பற்றியிருந்தது. அலகின் பற்களைச் சுற்றி இடம் இருந்தது. பலகையின் அரிந்த முனையில் மர ஆப்பு ஒன்றை அடித்துத்தான் அதனை வெளியே எடுத்தேன்.