பொருள்: டிகிரி = பாகையா? மேசன் அத்தியாயத்துக்கு அவசரமாகச் சொற்கள் தேவை

மெய்ப்பர் எழுதியது:

குழுவினருக்கு வணக்கம்.

அமெரிக்க வரலாற்று நூலொன்றின் தமிழாக்கம் வெள்ளிக்கிழமை அச்சகம் போகிறது. ஃபிரீமேசன்கள் (பழைய கல்வேலைக்காரர் வழக்குகளைப் பின்பற்றும் ஒரு சகோதரச் சங்கத்தார்) பின்பற்றும் டிகிரி வரிசைகளில் ஒன்றான ஸ்காட்டிஷ் ரைட் பற்றி அதில் ஓர் அத்தியாயம் உண்டு. டிகிரி என்றால் சடங்கு நடத்தி உறுப்பினருக்குத் தரும் படிநிலை. மெய்ப்பில் "33ஆம் பாகை மேசன்" என்று வந்திருக்கிறது. படிப்பவர் கோணமானியை எடுத்துவிடுவார். "பட்டம்" என்றால் பல்கலைக்கழகம். "படி" என்று மாற்றினால் 18ஆவதான ரோஸ் குரோவா "பதினெட்டாம் படி" ஆகிறது. அழகர்கோயில் கருப்பர்தான் நினைவுக்கு வருகிறார்.

வேண்டியவை: டிகிரி, லாட்ஜ் (உறுப்பினர் கூடும் கிளை), ரைட், முதல் மூன்று டிகிரிகளின் பெயர்கள் (என்டர்ட் அப்ரெண்டிஸ், ஃபெலோ கிராஃப்ட், மாஸ்டர் மேசன்). அந்த மூன்றையும் கொடுக்கும்போது ஆங்கிலத்தில் வெவ்வேறு வினை வருகிறது: இனிஷியேட், பாஸ், ரெய்ஸ். மெய்ப்பில் மூன்றுக்கும் "பதவி உயர்வு" என்றே இருக்கிறது.

*

நெல்லைக்காரன் எழுதியது:

இதுக்கு எதுக்கு இவ்வளவு யோசனை அண்ணாச்சி? சித்தாள், கொத்தனார், மேஸ்திரி. வீடு கட்டுகிற எந்த ஊரிலும் புரியும். மேஸ்திரியும் மாஸ்டரும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்: போர்ச்சுக்கீசிய "மெஸ்த்ரெ" வழியாக வந்தது ஒன்று, ஆங்கிலம் வழியாக மற்றொன்று, இரண்டுக்கும் மூலம் லத்தீன் "மாஜிஸ்தெர்".

*

கற்றச்சன் எழுதியது:

போர்ச்சுக்கீசியத்தைத் தமிழ் என்று விற்க வேண்டாம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலேயே "ராஜராஜப் பெருந்தச்சன்" இருக்கிறார். மாஸ்டர் மேசனுக்குப் பெருந்தச்சன் என்றே போடலாம்.

மேசன் என்பதற்குக் கொத்தனாரும் பொருந்தாது. கொத்தனார் செங்கல்லும் சாந்தும் கையாள்பவர். இவர்கள் கல்லை இழைத்தவர்கள். கல் + தச்சன் = கற்றச்சன்; லகரத்தின் பின் தகரம் வந்தால் என்ன ஆகும் என்று நன்னூல் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "ஃபிரீ" என்பதை "சுதந்திர" என்று பெயர்ப்பதும் ஐயத்துக்குரியது. எந்தப் பக்கமும் செதுக்க இணங்கும் நுண்மணிக் கல்லுக்கு ஃபிரீஸ்டோன் என்று பெயர். அந்தக் கல்லில் வேலை செய்தவரே ஃபிரீமேசன் என்பது வலுவான கருத்து; 14ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து ஆவணங்கள் இதற்குத் துணை நிற்கின்றன. ஆகவே "இழைகல் தச்சர்".

*

வடமராட்சி எழுதியது:

கற்றச்சன் ஐயா, இழைகல் தச்சர் என்று போட்டால் அம்மிக்கல் கொத்துகிற ஆள் என்றுதான் விளங்கும். பெருந்தச்சனிலும் சிக்கல் உண்டு. மூன்றாம் டிகிரி முடித்த எல்லாரும் மாஸ்டர் மேசன்தான். ஒரு லாட்ஜில் பெரும்பாலானவர்கள் அந்த நிலையில் இருப்பார்கள். அவர்களுக்கு மேலே லாட்ஜை நடத்தும் வொர்ஷிப்ஃபுல் மாஸ்டர், அதற்கும் மேலே கிராண்ட் மாஸ்டர். உறுப்பினர் எல்லாரும் பெருந்தச்சர் என்றால் தலைவரை என்ன செய்வது, பெரும்பெருந்தச்சரா?

சித்தாளும் சரிவராது. சித்தாள், அதுவும் பெண் என்றால், எத்தனை வருடம் மண் சுமந்தாலும் கொத்தனார் ஆவதில்லை. இங்கே முதல் டிகிரிக்காரர் மேலே போகத்தான் சேர்கிறார். "என்டர்ட் அப்ரெண்டிஸ்" என்பதை மெய்ப்பில் "நுழைந்த பயிலுநர்" என்று போட்டிருப்பதும் பிழை. ஸ்கொட்லாந்துக் கல்வேலைக்காரர் வழக்கில் லொட்ஜ் ஏட்டில் பெயர் எழுதப்பட்டவர் அவர். 1598இல் ஸ்கொட்லாந்து அரசரின் கட்டட வேலைப் பொறுப்பாளர் வில்லியம் ஷா வகுத்த விதிகளின்படி ஏழு வருடப் பயிற்சி, பிறகு இன்னொரு ஏழு வருடம், அதன்பின்பே ஃபெலோ கிராஃப்ட். ஆகவே பதிவுப் பயிலுநர், உடன்தொழிலர், மாஸ்டர் மேசன்.

டிகிரிக்குத் தீட்சை என்று வைத்தால் என்ன? எங்களிடம் சமயம், விசேடம், நிர்வாணம் என்று மூன்று அடுக்கு ஏற்கெனவே இருக்கிறது.

*

சட்டகம் எழுதியது:

தீட்சை கூடவே கூடாது. பரம்பொருள் நம்பிக்கை வேண்டும் என்று கேட்கும் அமைப்பு, தான் ஒரு சமயம் இல்லை என்றும் வற்புறுத்துகிறது. தீட்சை என்று எழுதினால் அந்த மறுப்பை ஒரே சொல்லில் கவிழ்த்துவிடுகிறோம்.

"உயர்" என்று தொடங்கும் எந்தச் சொல்லும் வேண்டாம். கைப்பிரதியின் பெரிய பிழை அங்கேதான் இருக்கிறது. 33ஆவது 3ஆவதற்கு மேலதிகாரி இல்லை. அமெரிக்காவில் முதல் மூன்றைப் பெரும்பாலும் சாதாரண லாட்ஜ்தான் தருகிறது. மாஸ்டர் மேசன் ஆனவர் விரும்பினால் ஸ்காட்டிஷ் ரைட்டில் சேர்ந்து 4 முதல் 32 வரை பெறுகிறார். அங்கே ஸ்காட்டிஷ் ரைட் தெற்கு, வடக்கு என இரண்டு ஆட்சிப் பகுதிகளாக இருக்கிறது. தெற்கில் இந்த டிகிரிகளைத் தரும் உள்ளமைப்புகள்: 4–14 லாட்ஜ் ஆஃப் பெர்ஃபெக்ஷன், 15–18 ரோஸ் குரோவா சாப்டர், 19–30 கதோஷ் கவுன்சில், 31–32 கன்சிஸ்டரி. வடக்கில் பிரிப்பு வேறு. மொழிபெயர்ப்பாளர் இரண்டையும் ஒரே அட்டவணையில் கலந்திருக்கிறார், பிரித்தாக வேண்டும். 33 கேட்டுப் பெறுவதில்லை, அவர்களாக அளிப்பது. இந்த அமைப்புக்கு "நிலை" போதும்: 4ஆம் நிலை, 32ஆம் நிலை.

ரைட் என்பதற்குச் "சடங்கு" போட்டால் ரிச்சுவலுக்குச் சொல் இருக்காது. ஆகவே "முறைமை". ஸ்காட்டிஷ் முறைமை ஸ்காட்லாந்தில் பிறந்ததில்லை என்று ஓர் அடிக்குறிப்பும் தேவை. பிரான்சில் "எக்கோசே" (ஸ்காட்டிஷ்) என்ற பெயரில் பெருகிய டிகிரிகள் கரீபியன் வழியாக அமெரிக்கா வந்து, 1801இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் 33 ஆக வடிவம் கொண்டன.

மூன்று வினைகளில் ரெய்ஸ் முக்கியம். சாலொமோன் ஆலயத்துக் கைவினைஞர் ஈராம் கொல்லப்பட்டுப் புதைக்கப்பட்ட கதையை மூன்றாம் டிகிரியில் நடித்துக்காட்டுகிறார்கள். ஈராமின் இடத்தில் கிடத்தப்படும் ஆளைக் கைகொடுத்துத் தூக்குகிறார்கள். எனவே "எழுப்புதல்". "உயிர்த்தெழுதல்" என்று நீட்ட வேண்டாம், அந்தக் கதையில் ஈராம் உயிர் பெறுவதில்லை. (விவிலியத்தில் அவர் முதன்மையாக வெண்கல வேலைக்காரர்; கல்வேலையும் தெரிந்தவர் என்று இரண்டாம் நாளாகமம் சொல்கிறது. அது வேறு இழை.)

*

நெல்லைக்காரன் எழுதியது:

பாஸுக்குக் "கடத்தல்" என்று யாரும் எழுதிவிடாதீர்கள். "இரண்டாம் நிலைக்குக் கடத்தப்பட்டார்" என்றால் வழக்குப் பதிவாகிவிடும். அடுத்த நிலைக்குப் போகுமுன் கேள்விகள் கேட்டுப் பதில் வாங்குகிறார்கள், அதனால் தேர்ச்சி.

மேஸ்திரியை நான் இன்னும் விடவில்லை.

*

மெய்ப்பர் எழுதியது:

இப்போதைக்கு: நிலை, முறைமை, பதிவுப் பயிலுநர், உடன்தொழிலர், மாஸ்டர் மேசன், சேர்ப்பு, தேர்ச்சி, எழுப்புதல். ஃபிரீமேசன் அப்படியே. வடக்கு, தெற்கு அட்டவணைகளைப் பிரித்துவிட்டேன்.

லாட்ஜ் பாக்கி. கட்டுமான இடத்தில் கல்வேலைக்காரர் போட்ட குடில்தான் மூலம். ஆனால் "கொட்டகை" என்றால் சினிமா, "பட்டறை" என்றால் கவிதை. "அவர் பாஸ்டன் லாட்ஜில் இருந்தார்" என்று எழுதினால் அறை எடுத்துத் தங்கினார் என்றாகிறது. "மன்றம்" போடுகிறேன். கிராண்ட் லாட்ஜ் "பெருமன்றம்", "பேரவை" சட்டசபையாகிவிடும்.

*

கற்றச்சன் எழுதியது:

மன்றத்துக்கு என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன். ரசிகர் மன்றத்துக்கும் இதற்கும் வேறுபாடு தெரிய வேண்டாமா? "குடிகை" என்று பழைய சொல் இருக்கிறது, ஒருவரும் பரிசீலிக்கவில்லை. மேலும் "கல்தச்சர்" என்று அடிக்குறிப்பில் புணராமல் விட்டிருக்கிறீர்கள். அதையாவது திருத்துங்கள்.